சிப்பி பதித்த கித்தார்

நாற்பத்தைந்தாயிரம் ரிங்கிட்.

அக்காள் மகன் தொலைபேசியில் இந்தத் தொகையைச் சொன்னபோது புதுக் காடி வாங்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். ஒரு மைவியின் விலை அது. "காடி இல்ல மாமா, கித்தாரு" என்றான். அவனுக்குப் பின்னால் அக்காளின் குரல் கேட்டது. அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். பழைய கடிகாரம், பழைய தையல் இயந்திரம், பழைய வானொலி எதைக் கண்டாலும் திறந்து உள்ளே பார்க்கத் தோன்றும். இளவயதில் கல்யாண வீடுகளில் கித்தார் வாசித்த இசைக்குழுவிலும் இருந்தவன். அதனால் பையன் என்னைக் கூப்பிட்டான். சிங்கப்பூரில் கணினி வேலை, திருமணம் ஆகவில்லை, சேமிப்பு இருக்கிறது. தைப்பிங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், காலஞ்சென்ற தம் அண்ணனின் கித்தாரை விற்கப் போகிறாராம். மார்ட்டின் டி-45. 1969ஆம் ஆண்டில் செய்தது.

"அவருக்கு அதோட விலை தெரியல போல மாமா. உண்மையான 69ன்னா இதைப்போல ரெண்டு மூணு மடங்கு போகும்."

அவன் குரலில் இருந்த அந்த மகிழ்ச்சி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் போகலாம் என்றேன். டி-45 ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கும் எங்கே கிடைக்கும்?

வெள்ளி இரவு பேருந்தில் வந்து இறங்கினான். சனி காலை கோலாலம்பூரிலிருந்து கிளம்பினோம். வடக்கு நோக்கி மூன்று மணி நேரப் பயணம். வழி நெடுக அவனுக்கு நான் சொன்ன கதையைத்தான் இங்கேயும் சொல்லப் போகிறேன். அது தெரியாமல் தைப்பிங்கில் நடந்தது புரியாது.

கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் மார்ட்டின் 1796இல் ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷன் ஊரில் பிறந்தவர். வியன்னாவில் யோகான் ஸ்டாஃபர் என்ற பெயர்பெற்ற கித்தார் தச்சரிடம் தொழில் கற்றார். சொந்த ஊரில் பிழைப்பு எளிதாக இல்லை. மார்ட்டின் குடும்பம் மரத் தச்சர் சங்கத்தைச் சேர்ந்தது. கித்தார் செய்யும் உரிமை எங்களுக்கே என்று வயலின் செய்வோர் சங்கம் வழக்காடிக்கொண்டிருந்தது. நாற்காலி செய்கிறவனுக்கு இசைக்கருவியில் என்ன வேலை என்பது அவர்கள் கேள்வி. மார்ட்டின் 1833இல் நியூயார்க்குக்குக் கப்பலேறினார். சில ஆண்டுகள் அங்கே கடை வைத்துவிட்டு, 1830களின் கடைசியில் பென்சில்வேனியாவின் நாசரேத் என்ற சிற்றூரில் குடியேறினார். அந்த நிறுவனம் இன்றும் அதே ஊரில், அதே குடும்பத்தின் சொத்தாக இருக்கிறது.

கித்தாரின் முன்பலகை மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத மெல்லிய மரத்தகடு. கம்பியை மீட்டும்போது அதிர்ந்து ஒலியைப் பெருக்குவது அதுதான். இன்றைய இரும்புக் கம்பிகள் ஆறையும் முறுக்கி ஏற்றினால் மொத்தம் ஏறக்குறைய 75 கிலோ இழுவிசை அதன்மேல் விழுகிறது. வளர்ந்த ஒருவர் ஓயாமல் தொங்கிக்கொண்டிருப்பதற்குச் சமம். பலகை தாங்க வேண்டும் என்று தடிமனாக்கினால் ஒலி செத்துவிடும். மெல்லியதாக்கினால் பலகை பிய்ந்துவிடும். பலகையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒட்டியிருக்கும் மரச்சட்டங்கள்தான் இந்த இரண்டுக்கும் நடுவே வழி காட்டுகின்றன. அச்சட்டங்களைப் பெருக்கல் குறி வடிவில் குறுக்காக வைக்கும் முறை 1840களில் மார்ட்டினின் பட்டறையில் உருவாகி நிலைபெற்றது. அப்போது கித்தாருக்கு ஆட்டுக்குடல் நரம்புதான். அவ்வளவு வலு தேவையே இல்லை. எண்பது ஆண்டு கழித்து, 1920களில் இரும்புக் கம்பி பரவியபோது, அதைத் தாங்கும் உடல் முன்கூட்டியே தயாராக இருந்தது. இன்று இரும்புக் கம்பி கித்தார் செய்கிற பெரும்பாலோர் பின்பற்றுவது அந்தப் பெருக்கல் குறியைத்தான்.

அடுத்தது உடலின் வடிவம். பிரிட்டிஷ் கடற்படை 1906இல் ஒரு மாபெரும் போர்க்கப்பலை இறக்கியது. பெயர் டிரெட்நாட், எதற்கும் அஞ்சாதது என்று பொருள். கப்பல் உலகமே அதைப் பற்றிப் பேசியது. பத்தாண்டு கழித்து, 1916இல், பாஸ்டன் நகரின் ஆலிவர் டிட்சன் இசைக்கடைக்காக மார்ட்டின் ஒரு பெரிய கித்தாரைச் செய்தார்கள். அகன்ற இடுப்பு, ஆழமான வயிறு, அடித்தொண்டையில் பேசும் மந்தர ஒலி. அதற்கு அந்தக் கப்பலின் பெயரையே வைத்தார்கள். 1931இல் அதைத் தங்கள் சொந்தப் பெயரில் விற்கத் தொடங்கினார்கள். டி-18, டி-45 என்று வரும் 'டி' அந்த டிரெட்நாட்தான். உங்கள் வீட்டு அலமாரிமேல் கித்தார் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால், இருநூறு ரிங்கிட்டுக்கு வாங்கியதாக இருந்தாலும், அதன் உருவம் அந்தப் போர்க்கப்பலிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எண்கள் அலங்காரத்தைக் குறிப்பவை. 18 எளியது. 28 ரோஸ்வுட் மரத்தாலானது, அடக்கமானது. 45 மகுடம். 1904இலேயே மார்ட்டின் வகுத்த தரம் அது. முன்பலகை, பின்பலகை, பக்கம் என எல்லா ஓரங்களிலும் அபலோன் ஓடு பதிக்கப்பட்டிருக்கும். சீனப் புத்தாண்டு விருந்தில் விலையுயர்ந்த பண்டமாகத் தட்டில் வருமே, அதே கடல்நத்தைதான். சதை சமையலுக்கு, ஓடு கித்தாருக்கு. பச்சை, நீலம், இளஞ்சிவப்பு மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று புரண்டு மின்னும் அந்த ஓட்டை நூல் போன்ற கீற்றுகளாக அறுத்து, மரத்தில் வெட்டிய பள்ளத்தில் துண்டு துண்டாகப் பதிக்க வேண்டும். ஓடு வளையாது, நொறுங்கும். ஒலிக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. அழகு மட்டுமே.

பெரிய உடலையும் பெரிய அலங்காரத்தையும் முதலில் சேர்த்துக் கேட்டவர் ஜீன் ஆட்ரி. குதிரைமேல் ஏறிப் பாடும் கௌபாய் பாடகர். வானொலியில் புகழ் ஏறிக்கொண்டிருந்த நேரம். உங்களிடம் இருப்பதிலேயே பெரிய கித்தார், உங்களிடம் இருப்பதிலேயே ஆடம்பரமான வேலைப்பாடு, விரல்பலகை நெடுக என் பெயர் என்று 1933இல் செய்துகொடுக்கச் சொன்னார். அமெரிக்கா பொருளாதார வீழ்ச்சியில் அமிழ்ந்துகிடந்த வருடம் அது. வேலை இல்லாதவர்கள் கஞ்சித்தொட்டி வரிசையில் நிற்க, நாசரேத் பட்டறையில் ஒருவர் நத்தை ஓட்டை அறுத்துக்கொண்டிருந்தார். அந்த முதல் டி-45 இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் ஆட்ரியின் பெயர் தாங்கிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1933 முதல் 1942 வரை அவர்கள் செய்த டி-45 மொத்தம் 91. போர் வந்தது, ஆடம்பரம் நின்றது. போர் முடிந்தும் அது திரும்பவில்லை. 1968இல்தான் மறுபடி செய்தார்கள். 1968, 1969 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 229. நீல் யங் போன்ற பாடகர்கள் அவற்றைக் கையிலெடுத்து மேடை ஏற, பெயர் இன்னும் பரவியது.

இதில் 1969க்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்று பையன் கேட்டான். மரம்தான் காரணம். அதுவரை பின்பலகையும் பக்கங்களும் பிரேசில் ரோஸ்வுட். கறுப்பு மை ஊற்றிக் கலைத்ததுபோல் கோடுகள் ஓடும் மரம். 1960களின் கடைசியில் பிரேசில் அரசு முழுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதற்குத் தடை போட்டது. மார்ட்டின் வேறு மரம் தேடினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது நீலகிரி, வயநாடு, குடகு மலைகளில் வளரும் நம் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வார்கள். தாத்தா காலத்து வீடுகளில் ஈட்டி அலமாரி இருந்தால் கௌரவம் அல்லவா, அதே மரம். 1970இலிருந்து வழக்கமாக வரும் டி-45கள் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிள்ளைகள். பின்னர் அந்த மரத்துக்கும் காவல் வந்தது. தமிழ்நாட்டில் 1994இலேயே ஈட்டி மரப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் போட்டார்கள். சொந்த நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்றது அந்தச் சட்டம்.

"இன்னொன்னு யோசிச்சியா? பிரேசில் மரம்னா நீ எப்படி சிங்கப்பூருக்குக் கொண்டுபோவே?" என்று கேட்டேன்.

அவன் யோசித்திருக்கவில்லை. அழியும் உயிரினங்களுக்கான சைட்ஸ் ஒப்பந்தத்தில் பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. மற்ற ரோஸ்வுட் வகைகளும் 2017இல் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கிடைத்தது, பிரேசில் மரத்துக்கு மட்டும் இல்லை. உரிய அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஜொகூர் பாலத்தைக் கடந்தால், கித்தார் சுங்க அறையிலேயே தங்கிவிடலாம். நாற்பத்தைந்தாயிரமும் சேர்ந்து.

தைப்பிங் எல்லையில் மழை பிடித்துக்கொண்டது. தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் ஊர் என்று அதற்குப் பெயர். மர இசைக்கருவிக்கு இதைவிடப் பகையான ஊர் கிடையாது. காற்றின் ஈரம் ஐம்பது விழுக்காட்டை ஒட்டி இருந்தால் கித்தார் நிம்மதியாக இருக்கும். நம் நாட்டு ஈரத்தில் முன்பலகை வயிறு உப்பும், பிரிட்ஜ் கிளம்பும். அதற்கு அஞ்சி இரவும் பகலும் குளிர்சாதனம் போட்ட அறையில் கம்பிகளோடு தொங்கவிட்டால் காய்ந்து வெடிக்கும். அப்படி ஒன்றை நானே வெடிக்க வைத்திருக்கிறேன், அந்தக் கதை இப்போது வேண்டாம்.

ஆசிரியருக்கு எழுபத்தெட்டு வயது. பழைய கம்பத்து வீடு. கூரையின் ஒரு பக்கம் நீலக் கித்தான் விரித்துக் கட்டியிருந்தது. எதற்காக விற்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கோப்பி வந்தது, பிஸ்கட் வந்தது, பிறகுதான் பெட்டி வந்தது.

"அண்ணன் கப்பல்ல வேல பாத்தாரு தம்பி. 75ல அமெரிக்காவுல ஒரு துறைமுகத்துல வாங்கினது. உலகத்துலயே பெரிய கித்தாரு, டி-45ன்னு சொல்லுவாரு. நாங்க யாரும் தொடக்கூடாது. 69ல செஞ்சதுன்னு வித்தவன் சொன்னானாம்."

பெட்டியைத் திறந்ததும் பூஞ்சை வாசனை. அதைத் தாண்டி, மழை வெளிச்சத்திலும் முன்பலகை ஓரம் பச்சையும் நீலமுமாகச் சிரித்தது. பையன் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு மூன்று இடங்களில் ஓட்டுத் துண்டுகள் உதிர்ந்து வெறும் பள்ளம் தெரிந்தது.

எடுத்துத் திருப்பினேன். பின்பலகை ஓரத்தில் ஓடு இல்லை. வெள்ளைப் பட்டை மட்டும். பக்கங்களிலும் இல்லை. 45 என்றால் எல்லா ஓரங்களிலும் இருக்க வேண்டும். பலகையின் கோடுகளும் மை கலைந்ததுபோல் இல்லை, வயல் வரப்புபோல் நேராக ஓடின, ஊதா கலந்த பழுப்பில்.

மனைவியின் சிறிய முகக்கண்ணாடியை அதற்கென்றே கொண்டுபோயிருந்தேன். நடுவிலுள்ள வட்டத் துளைக்குள் கண்ணாடியை விட்டு, கைத்தொலைபேசி விளக்கைக் காட்டினால், கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் ஒரு மரக்கட்டை தெரியும். மார்ட்டின் 1898 முதல் ஒவ்வொரு கித்தாருக்கும் வரிசை எண் குத்துகிறார்கள். 1930களிலிருந்து மாதிரியின் பெயரையும் அந்தக் கட்டையில் குத்துகிறார்கள். 1969இன் கடைசி எண் 256003. இதிலிருந்தது 285 ஆயிரத்தை ஒட்டிய எண். அப்படியானால் 1971. எண்ணுக்கு மேலே, கண்ணாடியில் தலைகீழாக இருந்தாலும் தெளிவாக, டி-28.

பையனிடம் கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்தான், ஒன்றும் பேசவில்லை.

ஆசிரியர் இன்னும் பிஸ்கட் எடுத்துவர உள்ளே போனார். "மாமா, சொல்லாம போயிடலாமா? யோசிச்சு சொல்றோம்னு சொல்லிட்டு" என்றான் மெதுவாக. அவனுக்கு அந்த முதியவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை. எனக்கும்தான் இல்லை. ஆனால் நாங்கள் போனால் இன்னொருவர் வருவார். அவர் கண்ணாடி கொண்டுவராதவராக இருந்தால் நாற்பத்தைந்தாயிரத்தைக் கொடுத்துவிட்டுப் போய், ஆறு மாதம் கழித்துச் சண்டைக்கு வருவார். அந்தப் பணம் அதற்குள் கூரையாகியிருக்கும். தவிர, காலையில் இதே பையன் அவருக்கு விலை தெரியவில்லை என்று மகிழ்ந்ததும் எனக்கு மறக்கவில்லை. அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவனுக்கே அது நினைவிருந்திருக்கும்.

சொன்னேன். கண்ணாடியை வைத்து அவரையே பார்க்கச் செய்தேன். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப அண்ணன் பொய் சொன்னாரா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. விலையைப் பற்றிக் கேட்பார் என்றே நினைத்திருந்தேன்.

நல்லவேளை, சொல்வதற்கு என்னிடம் உண்மையான ஒரு கதை இருந்தது. டி-45 செய்யப்படாமல் கிடந்த அந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அதற்காக ஏங்கியவர்கள் நிறையப் பேர். கிடைத்தவை 91, அவற்றையும் வைத்திருப்பவர்கள் விடமாட்டார்கள். அதனால் டி-28ஐ வாங்கி, ஓரத்தைச் செதுக்கி, அபலோன் பதித்து 45 ஆக்கிக்கொள்வது அங்கே ஒரு வழக்கமாகவே இருந்தது. ஏமாற்றுவதற்காக அல்ல, ஆசைக்காக. டென்னசி மாநிலத்தில் மைக் லாங்வொர்த் என்ற இளைஞர் 1950களிலிருந்தே இந்த வேலையில் பெயரெடுத்தார். மார்ட்டின் 1968இல் டி-45ஐ மீண்டும் தொடங்க முடிவு செய்தபோது, ஓடு பதிக்கும் வேலைக்கு அவர்கள் கூப்பிட்டு வேலை கொடுத்தது அதே லாங்வொர்த்துக்குத்தான். நிறுவனத்தின் வரலாற்றை எழுதியவரும் அவரே. வீட்டில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருந்தவரின் கைதான் தொழிற்சாலையின் உண்மையான டி-45இலும் வேலை செய்தது.

"இத யாரு பதிச்சாங்கன்னு தெரியாது சார். உங்க அண்ணனுக்கு வித்தவங்களே பதிச்சிருக்கலாம். அவருக்குச் சொன்னத அவர் நம்பியிருப்பாரு. ஆனா இந்த மரம் நம்ம ஊரு ஈட்டி. அது பொய்யில்ல."

அவர் பின்பலகையை விரலால் தடவிப் பார்த்தார். "ஈட்டியா? எங்க அம்மா கல்யாணத்துக்கு வந்த பெட்டி ஈட்டிதான்" என்றார். பிறகு பையனைப் பார்த்து, வாசிக்கத் தெரியுமா என்றார்.

கம்பிகள் துருப்பிடித்திருந்தன. கழுத்து முன்னால் சாய்ந்து, கம்பிகள் விரல்பலகையிலிருந்து எட்டி நின்றன. இந்தக் காலத்து மார்ட்டின்களின் பொதுவான நோய் அது. 1985க்கு முன் செய்தவற்றில் கழுத்தை முடுக்கிச் சரிசெய்யும் கம்பியும் கிடையாது. சாய்ந்த கழுத்தைக் கழற்றித்தான் சீராக்க வேண்டும். பையன் சுருதி சேர்த்தபோது ஒரு கம்பி அறுந்தது. மீதி ஐந்தில் வாசித்தான். அவன் நல்ல வாசிப்பாளன் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மந்தர ஒலி தரைப்பலகை வழியே என் காலுக்கு வந்தது. ஐம்பது ஆண்டு காய்ந்த மரம் அப்படித்தான் பேசும். உள்ளேயிருந்து ஆசிரியரின் மனைவி எழுந்துவந்து கதவோரம் நின்றார்.

விலை பேசும் பொறுப்பை என்னிடமே விட்டார்கள், எனக்குத் தர்மசங்கடம். அந்த வயதுடைய மாற்றாத டி-28க்கு என்ன மதிப்பு, கழுத்து வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று வெளிப்படையாகத் தாளில் எழுதிக் காட்டினேன். பிறரிடமும் விசாரியுங்கள், அவசரமே இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். வரும் வழியில் பையன் அதிகம் பேசவில்லை. தாப்பாவில் நிறுத்திச் சாப்பிட்டோம்.

பன்னிரண்டு நாள் கழித்து ஆசிரியர் அழைத்தார். பினாங்கில் ஒரு கடையிலும் ஈப்போவில் ஒருவரிடமும் விசாரித்தாராம். நான் சொன்னதைவிட ஒருவர் கூடுதலாகவும் ஒருவர் குறைவாகவும் சொன்னார்களாம். பையனுக்கே கொடுப்பதாகச் சொன்னார். பதினோராயிரத்துக்கு முடிந்தது. முழுக் கூரைக்கு அது போதாது, ஒழுகும் பக்கத்துக்குப் போதும் என்றார். ஈட்டி மரம் என்பதால் பாலத்தைக் கடப்பதிலும் தொல்லை இல்லை. அக்காள் இப்போதும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை, ஆனால் காடி விலை மிச்சமானதை ஒப்புக்கொள்கிறாள்.

கித்தாரை எடுக்க நாங்கள் மறுபடி போனபோது, ஆசிரியர் அலமாரியிலிருந்து ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து பையனிடம் கொடுத்தார். பல ஆண்டுகளாக உதிர்ந்த ஓட்டுத் துண்டுகளை அவர் அண்ணன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதற்குள் போட்டு வைத்திருந்தாராம். எண்ணிப் பார்த்தோம். ஏழு துண்டுகள் இருந்தன.